மீனா, விஷமா

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அப்படியே எங்கள் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சைகோனில் சில வருஷம், அல்ஜீரியாவில் சில வருஷம் என்று கழித்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். பிரான்ஸிலிருந்து கடிதம் வந்தால் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவார். அப்போது 1986. எனக்குப் பதினேழு வயது. பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்திருந்தேன். மதிப்பெண் அள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சு எடுப்பதற்கு இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வாசலில் கயிற்றுக் கட்டில். அவர் ஒரு முனையில், நான் ஒரு முனையில். கடிதத்தைப் பிரித்து எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பேன். சொல்லின் கடைசியில் சத்தமில்லாமல் நிற்க வேண்டிய எழுத்துகளையும் விடாமல் உச்சரிப்பேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. "இன்னொரு வாட்டி படிப்பா" என்பார். மூன்றாவது தடவையில் ஏதோ ஒரு சொல் அவர் காதில் தட்டும். "அட, செர்த்திஃபிக்கா த வீ!" என்பார். உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ், வருஷா வருஷம் கொடுக்க வேண்டியது. நான் அதை 'செர்டிஃபிகாட் டெ வியெ' என்று வாசித்திருப்பேன். அந்த ஒரு சொல் பிடிபட்டதும் கடிதம் முழுவதும் அவருக்கு விளங்கிவிடும். அது என்ன கேட்கிறது, எப்போதைக்குள் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் எனக்கு அவரே சொல்வார்.

அவருக்கு எழுத்து வராது. எனக்கு ஒலி வராது. ஒரு கடிதத்தை வாசித்து முடிக்க இரண்டு பேரும் தேவைப்பட்டோம்.

அந்த வருஷம் முழுக்க மாலையில் பெரிய வாய்க்கால் பக்கம் டியூஷன் போனேன். ஒரு பழைய நீல அட்டைப் புத்தகம், கோடு போட்ட நோட்டு. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். 'பார்லே', அதாவது பேசு என்கிற வினையை எடுத்துக்கொண்டால் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரி எழுதி மனப்பாடம் செய்வோம். தாளில் பார்த்தால், நான், அவன் இரண்டையும் தவிர ஒன்றின் வால் இன்னொன்றுக்கு இருக்காது. ஒரு வால் மாறினால் அரை மதிப்பெண் போகும். பிளஸ் டூவில் 200க்கு 187 வாங்கினேன். அடுத்த மாதம் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி என்னிடம் ஏதோ வழி கேட்டார். அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த 'மெர்சி' மட்டும் புரிந்தது.

அதற்குப் பிறகுதான் தாத்தாவின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். அதுவரை அவர் பேசுவது பட்டாளத்துப் பிரெஞ்சு, இலக்கணம் இல்லாதது என்று நினைத்திருந்தேன். 'நாங்கள் பேசுகிறோம்' என்பதற்கு அவர் 'ஒன் பார்ல்' என்றார். "இல்ல தாத்தா, 'நு பார்லோன்'னுதான் சொல்லணும், புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்று திருத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியும் சொல்லலாம்பா. யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பேச்சில் 'நாங்கள்' என்கிற இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் 'ஒன்' என்றே சொல்கிறார்கள். அதோடு, நான் ஆறு வரியாக எழுதிய அட்டவணையைக் காதால் கேட்டால் நான், நீ, அவன், அவர்கள் நாலு பேருக்கும் ஒரே 'பார்ல்' தான். 'நாங்கள்' என்பதற்கு 'ஒன்' போட்டால் அங்கேயும் 'பார்ல்'. 'நீங்கள்' என்று மரியாதையாகச் சொல்லும்போது மட்டும் 'பார்லே'. ஆறு வடிவம் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. புதிதாகக் கற்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இதை எந்த டியூஷனிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

தாத்தா எப்படிக் கற்றார் என்று கேட்டேன். சைகோனில் சமையல் கொட்டகையில் முதலில் வேலை. அங்கே ஒரு நாளைக்கு வேண்டியது பத்துப் பதினைந்து வாக்கியம். 'இது என்ன' என்பதை ஐந்தாறு சொல்லாகப் பிரித்து அவர் கற்கவில்லை. 'கெஸ்கெசே' என்று ஒரே மூச்சாகக் கற்றார். 'எனக்கு வேணும்' என்பது 'ழ வுத்ரே'. 'தெரியாது' என்பது 'ழ செ பா'. எதிர்மறைக்கு இலக்கணப்படி வினைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு துண்டு வர வேண்டும். முன்னால் வருவதைப் பேச்சில் விழுங்கிவிடுகிறார்கள், அவரும் விழுங்கினார். கேட்டதைக் கேட்டபடி சொன்னார். யாராவது சிரித்தால் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

அவருக்கு எத்தனை சொல் தெரிந்திருக்கும்? ஆயிரத்துக்கு மேல், இரண்டாயிரத்துக்குள். பின்னாளில் ஆவண மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த பிறகு இதைப் பற்றிப் படித்தேன். 1950களில் ழோர்ழ் கூகனேம் என்கிற மொழியறிஞரும் அவருடன் இருந்தவர்களும் சாதாரண ஜனங்களின் உரையாடல்களை ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்து, எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார்கள். அதிலிருந்து அடிப்படைப் பிரெஞ்சு என்று ஒரு பட்டியல் பிறந்தது. அதன் முதல் நிலையில் இருந்த சொற்கள் 1,475. எண்ணிக்கையில் மேலே வராவிட்டாலும் அன்றாடம் வேண்டிய சொற்களைத் தனியாகக் கேட்டறிந்து சேர்த்தார்கள். பள்ளியில் நான் பாரிஸ் நினைவுச்சின்னங்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அந்தப் பட்டியலை ஒத்த சொற்களைத் தாத்தா வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

அவர் கற்றுக் கொடுத்ததில் ஒன்று மட்டும் என் உடம்பிலேயே தங்கிவிட்டது. பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், விஷத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'புவாஸோன்'தான். நம் காதுக்கும் இரண்டும் ஒன்றுதான். "கடையில போய் எதைக் கேட்கிறேன்னு எனக்கே தெரியாம நின்னேம்பா" என்றார். பிறகு என் கையைப் பிடித்து என் தொண்டை மேலேயே வைத்தார். "சொல்லு. நடுவுல வர்ற ஸ்ஸுக்குத் தொண்டை அதிர்ந்தா விஷம். அதிரலேன்னா மீன்." சொன்னேன். அதிர்ந்தது. "விஷம்" என்றார். மறுபடி சொன்னேன். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மீன் வந்தது. பரிசுக்கு 'கதோ', கேக்குக்கு 'கத்தோ' என்று எழுதுகிறோமே, அதில் முதல் எழுத்தும் நடு எழுத்தும் மாறி மாறி அதிர வேண்டும் என்பதையும் அதே கையால்தான் கற்றேன். நம் எழுத்தில் க ஒன்று, த ஒன்று, ப ஒன்று. இந்த வேறுபாட்டைக் கண்ணால் தேடினால் கிடைக்காது, கைக்குத்தான் அகப்படும்.

தாத்தா 2003இல் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை மாலையில் டிரான்சிஸ்டரைச் சிற்றலைக்குத் திருப்பி பிரெஞ்சு வானொலி கேட்டார்.

இப்போது என் அக்கா மகள். சென்னையில் மென்பொருள் வேலை, 28 வயது. சனிக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறாள். என் காலத்தில் எங்கள் தெருவில் பிரெஞ்சு என்றால் பாரிஸ், ஓய்வூதியம், தூதரகம். அவளுக்குப் பிரெஞ்சு என்றால் கனடா. 2023இலிருந்து அந்த நாட்டுக் குடியேற்றத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிப் பிரிவில் அழைப்பு விடுகிறார்கள். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் நாலிலும் அவர்களுடைய அளவுகோலில் ஏழாம் நிலை வேண்டும். ஏறக்குறைய பி2 என்கிற மேல் இடைநிலை அது. ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து அங்கே போக வேண்டும்.

அவள் கைபேசியில் இல்லாதது இல்லை. ஒரு செயலியில் தொடர்ந்து 400 நாளுக்கு மேல் பாடம் முடித்திருக்கிறாள். ஒரு சொல்லை அழுத்தினால் உச்சரிக்கிறது. மறக்கப் போகிற நேரம் பார்த்து அதே சொல்லைத் திரும்பக் காட்டுகிறது. மறதி எப்படி நடக்கிறது என்று எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மானியர் 1885லேயே அளந்து எழுதியதுதான் அதற்கு அடிப்படை. நான் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, சொல் எழுதி, செருப்புப் பெட்டியில் ஐந்து அறை தடுத்துச் செய்ததும் அதுவேதான். தெரிந்த சொல் பின்னறைக்குப் போகும், தவறியது முன்னறைக்கு வரும். அவள் கையில் பெட்டி சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அது நல்லது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் முதல் சனிக்கிழமை "ஏதாவது பேசு பாப்பா" என்றேன். "மாமா, படிச்சா புரியுது. கேட்டா ஒரே இரைச்சலா இருக்கு" என்றாள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் நான் நின்ற இடத்தில்தான் அவளும் நின்றாள். அவள் கைபேசி வழியாகப் போய் நின்றாள். விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில் என்பதும் மாறவில்லை. '30 நாளில் பிரெஞ்சு' என்கிற விளம்பரமும் அவள் திரையில் வந்தது. அந்தக் காலத்துப் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையிலும் '30 நாளில்' என்று ஆரம்பிக்கிற மொழிப் புத்தகங்கள் தொங்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்க 30 வாரம் ஒதுக்குகிறது. அதுவும் வேறு வேலை இல்லாமல் முழுநேரமாக, ஆங்கிலம் தாய்மொழியான ஆட்களுக்கு. அவளிடம் இதைச் சொன்னேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முதல் 30 நாளை ஒலிக்கு மட்டும் கொடு, அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக வரும் என்று கேட்டுக்கொள்வதற்காகச் சொன்னேன்.

ஒலியை எங்கிருந்து தொடங்குவது? வீட்டிலிருந்து.

"மரம் சொல்லு."

"மரம்" என்றாள், உதட்டை மூடி, மேடையில் பேசுவது போல.

"அப்படி இல்ல. அம்மாகிட்ட சொல்ற மாதிரி. 'அந்த மரம் விழுந்துருச்சு'."

சொன்னாள். உதடு மூடவில்லை. கடைசி மகரம் மூக்கில் கரைந்து போனது.

"அந்தக் கடைசிச் சத்தத்தை மட்டும் பிடிச்சுக்கோ. முன்னால ஒரு 'ப்' போடு, அதிர்ற 'ப்'."

போட்டாள். 'போன்ழூர்' என்பதன் முதல் பாதி, சுத்தமாக வந்து விழுந்தது. அவள் கண்ணே விரிந்தது. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களை ஆங்கிலம் வழியாகக் கற்கிறவர்கள் மாதக்கணக்கில் திணறுகிறார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் அவை இல்லை. நம் பேச்சில் நாள் முழுக்க இருக்கின்றன. 'வந்தான்' என்று நாம் சொல்லும்போது கடைசி னகரத்துக்கு நாக்கு மேலே ஒட்டுவதில்லை. 'வந்தேன்' என்பதிலும் ஒட்டுவதில்லை. 'வந்தேன்' ரொட்டிக்கும் திராட்சை மதுவுக்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்களின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். 'வந்தான்' குழந்தைக்கான சொல்லின் பக்கத்தில் விடும். இந்த மூன்று தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதில் அவளுக்கு மூக்கொலி வந்துவிட்டது.

நம்மிடம் இல்லாத ஒலிகளும் உண்டு. அவற்றுக்கு நேரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும், நாக்கு அசையக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று செய்தால் இரண்டு நாளில் பிடிபடும். தொண்டையில் உரசுகிற ரகரம் கடைசியாக வரட்டும். நம் ரகரத்தோடு பேசினாலும் அவர்களுக்குப் புரிகிறது.

சொற்கள் ஒட்டிக்கொள்வதுதான் அவளுக்கு இரைச்சலாகக் கேட்டது. நண்பர்கள் என்பதற்கு எழுத்தில் 'லே', 'அமி' என்று இரண்டு சொல். வாயில் 'லேஸமி' என்று ஒன்று, நடுவில் அதிர்கிற ஸ. "புணர்ச்சி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்போடு விட்டது என்றாள். 'மணி', 'அடித்தது' சேர்ந்தால் நடுவில் ஒரு யகரம் வருகிறது. இரண்டு உயிர் நேருக்கு நேர் மோதாமல் இருக்க நம் இலக்கணக்காரர்கள் அதற்கு உடம்படுமெய் என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'ஈல் அ', அதாவது 'அவனிடம் இருக்கிறது' என்பதைக் கேள்வியாகத் திருப்பும்போது 'அ', 'ஈல்' இரண்டும் மோதும். நடுவில் ஒரு தகரத்தைச் செருகி 'அத்தீல்' என்கிறார்கள். அந்தத் தகரத்துக்குப் பொருள் எதுவும் கிடையாது, நம் யகரத்துக்கு இல்லாதது போலவே. இதை நான் 187 வாங்கின காலத்தில் விதிவிலக்கு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒன்றை விதிவிலக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்களே என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

நீ, நீங்கள் என்கிற வேறுபாட்டை அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. 'சாப்பிடப் போறேன்' என்று போவதை வைத்து எதிர்காலம் சொல்வதும் அங்கே உண்டு: 'ழ வே மான்ழே'. அந்த 'மான்ழே' என்கிற ஒரே சத்தம் சாப்பிட, சாப்பிட்ட, நீங்கள் சாப்பிடுகிறீர்கள் மூன்றுக்கும் உதவும். எழுத்தில் மூன்றும் வேறு, காதில் ஒன்று. அதனால் முதல் ஆறு மாதத்துக்கு நிகழ்காலம், இந்தப் 'போறேன்' எதிர்காலம், 'ழே மான்ழே' என்கிற இறந்தகாலம், இந்த மூன்று போதும்.

ஆங்கிலம் எதற்கும் உதவாது என்று சொன்னால் அது பொய். படிக்கும்போது பாதிச் சொல் முகம் தெரிந்ததாக இருப்பது ஆங்கிலத்தால்தான். 'நாசியோன்', 'இன்ஃபொர்மாசியோன்' வகைச் சொற்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பெண்பால் என்பதும் கூடவே கிடைக்கிறது. மற்றச் சொற்களை 'அன்', 'யூன்' என்கிற முன்னொட்டோடு சேர்த்தே மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், மேசை ஏன் பெண் என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. முகம் தெரிந்த சொல் சில சமயம் ஏமாற்றும். 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை, நூலகம் அல்ல. அந்த முகத்தை நம்பி, என்னிடம் வந்த ஓர் ஆவணத்தில் முன்பு யாரோ தப்பு செய்திருந்தார்கள்.

குட்டி இளவரசனை வாங்கி வந்திருந்தாள், பிரெஞ்சில். ஆரம்பிக்கிறவர்களுக்கு எல்லாரும் சொல்வது அந்தப் புத்தகம்தான். நானும் அதை மனத்தோடு வைத்திருக்கிறவன். ஆனால் அதன் கதை நகர்வது எழுத்தில் மட்டும் வாழ்கிற ஓர் இறந்தகால வடிவத்தில், தெருவில் யாரும் பேசாதது. காம்யுவின் அந்நியன் தன்மையில் நின்று பேசுகிற 'ழே மான்ழே' வகை இறந்தகாலத்தில் ஓடுகிறது, வாக்கியங்களும் சிறியவை. இரண்டுக்கும் பிரெஞ்சிலிருந்தே நேராக வந்த தமிழ்ப் பதிப்பு இருக்கிறது. அந்நியன் வெ. ஸ்ரீராம் செய்தது. இடது கையில் தமிழ், வலது கையில் பிரெஞ்சு என்று ஒரு நாளைக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

தாத்தாவின் டிரான்சிஸ்டருக்குப் பதிலாக அவளுக்கு அதே ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி இருக்கிறது, நாள்தோறும் பத்து நிமிஷம். ஒரு வாக்கியம் கேட்டு, நிறுத்தி, அதே ராகத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களுக்கு, பிரான்ஸில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும். 97 என்றால் நாலு இருபது பதினேழு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் நடந்துகொண்டே விலைகளைப் பிரெஞ்சில் முணுமுணுப்போம். மூன்று மாதத்தில் 97க்கு அவள் நின்று கணக்குப் போடுவது நின்றது.

ஆனால் பேச ஆள் வேண்டும். எனக்கு இரண்டு வாசல் தள்ளி ஆள் இருந்தார், நான் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆளைத் தேடினேன். சொல்தா தாத்தாவின் பேரன் குடும்பம் பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருக்கிறது. பத்து வயதுப் பையன். வீட்டில் தமிழ் காதில் விழும், வாயில் வராது. அவனுக்குத் தமிழ் வேண்டும் என்று அவன் அம்மாவுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை நமக்கு மாலை நாலு மணி, கோடையில் அவர்களுக்குப் பகல் பன்னிரண்டரை. பாதி நேரம் இவள் பிரெஞ்சு பேச வேண்டும், மீதி நேரம் அவன் தமிழ் பேச வேண்டும். பொறுமையில்லாத பையன், அதனால் நல்ல ஆசிரியன். புரியாவிட்டால் 'கொமான்?' என்று உடனே கேட்டுவிடுகிறான்.

போன வாரம் சமையலைப் பற்றிப் பேச்சு. அன்றைக்கு எங்கள் வீட்டில் வஞ்சிரம். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று அவன் கேட்டான். இவள் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வலது கையைத் தூக்கித் தொண்டையில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். மீன்தான். பையன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, ஏன் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறாய், வலிக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டான்.

"இல்லடா" என்று தமிழில் ஆரம்பித்தாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறினாள். உன் கொள்ளுத்தாத்தா மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தார், மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று, 'ஒன்' எங்கே வர வேண்டுமோ அங்கே வர, மூன்று வாக்கியம் சொன்னாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். தன் சின்னக் கையைத் தொண்டையில் வைத்து மீன் என்றான். பிறகு விஷம் என்றான். மறுபடி மீன்.